பதினேழாம் கம்பம்

பகலில் ஒட்டினால் பசை கொதித்துக் குமிழ் விடும்.
அதனால் எங்கள் ஷிஃப்ட் இரவு பதினொன்றுக்கு மேல்.
ஏணியைப் பிடிப்பது ரஃபீக், ஏறுவது நான்,
வண்டியில் ஏசி போட்டுத் தூங்குவது ஃபோர்மன் ஜோப்.

ஹோர் அல் அன்ஸில் எங்கள் கணக்கில் நாற்பத்தொரு கம்பங்கள்.
எதில் எந்த பஸ் நிற்கும் என்று கேளுங்கள், சொல்வேன்.
எந்த வருஷம் என்பதை மட்டும்
நீங்கள் முதலில் சொல்லவேண்டும்.

சூடு காட்டி, ஓரத்தில் பிளேடை நுழைத்தால்
தோல் மாதிரி உரிந்து வரும்.
எஃப் எழுத்துக்குக் கீழே முப்பத்து மூன்று.
அதன் கீழே, வெயிலில் ஆரஞ்சாகிப்போன சிவப்புப் பதின்மூன்று.
எல்லாவற்றுக்கும் அடியில், தகரத்தின் மேலேயே,
யாரோ பிரஷ்ஷால் போட்ட அரபி ஐந்து.
அது பார்க்க ஒரு முட்டை.
வந்த புதிதில் அதைப் பூஜ்ஜியம் என்று வாசித்து
என் கண்ணெதிரே மூன்று பஸ்ஸை விட்டவன் நான்.
பிறகு அந்த வேலையே கிடைத்தது.

ஐந்தாம் எண்ணின் காலத்தில்
இங்கிருந்து மீன் மார்க்கெட் வரை பாதி வழி மணல்.
குல் ஜமான் ஓட்டுவார்.
கம்பத்துக்காக நிறுத்தமாட்டார், கைக்காக நிறுத்துவார்.
சில்லறை இல்லை என்றால்
"நாளைக்கு" என்பார், பஷ்தூ கலந்த ஹிந்தியில்.
அந்த நாளைக்கு எத்தனை பேர் கொடுத்தார்கள் தெரியாது.
நான் இன்னும் ஒன்றரை திர்ஹம் பாக்கி.

பதின்மூன்று ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுப்போனது.
காலை ஆறு மணிக்கு டியூட்டி முடிந்து
செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏறும் நர்ஸுகள்.
முப்பத்து மூன்று வாசலைத் தொடவில்லை.
முந்நூறு மீட்டர் தள்ளி, சிக்னலுக்கு அந்தப் பக்கம்.
வரைபடத்தில் அது ஒரு நகத்தளவு.
ஆகஸ்டில் நடந்து பாருங்கள்.

அப்புறம் தலைக்கு மேல் ரயில் வந்தது.
ஒரே பஸ்ஸாய் இருந்தது இரண்டு பஸ், நடுவில் ஒரு எஸ்கலேட்டர்.
எஃப் என்றால் என்ன என்று கேட்டேன்.
ரயிலுக்கு ஊட்டிவிடும் பஸ் என்றார் இஞ்சினியர்.
ஊட்டிவிடுவதாமே!
அப்படியானால் சோறு யார்? என்றான் ரஃபீக், ஏணிக்கடியிலிருந்து.
அன்றிரவு சிரித்துச் சிரித்து இரண்டு ஸ்டிக்கர் கோணலானது.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன்.
தூக்கக் கலக்கத்தில் இருபத்து மூன்றை முப்பத்திரண்டாக்கி ஒட்டினேன்.
மூன்றாம் நாள்தான் தெரிந்தது, பதறிக்கொண்டு போனேன்.
முப்பத்திரண்டு வந்தது. நின்றது. ஆள் ஏறியது.
பலகை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று
டிரைவர் அந்தத் தெருவுக்குள் திரும்பப் பழகியிருந்தார்.
உரிக்க மனசில்லை.
உரித்தேன்.

சோனாப்பூர் அறையில் என் கட்டிலுக்கும் எண் உண்டு.
நான்கு தடவை மாறிவிட்டது.
ஒட்டியவன் யாரென்று பார்த்ததில்லை,
பிசிறில்லாமல் ஒட்டுகிறான்.

போன மாதம் தாள் வந்தது: பதினேழை எடுத்துவிடு.
ஸ்டிக்கரை அல்ல, கம்பத்தையே.
நான்கு போல்ட்டில் மூன்று கழன்றன,
நான்காவதை அறுத்தோம்.
நடைபாதையில் நான்கு துரு வட்டங்கள்.

நேற்று வேறு வேலைக்காக அந்த வழியே போனோம்.
விடியற்காலை, ஐந்தே முக்கால்.
துரு வட்டங்களைச் சுற்றி மூன்று பேர்.
ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.
ஜோப் ஹார்ன் அடித்து, பஸ் வராது என்று கையசைத்தார்.
அவர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

தூரத்தில் ஏதோ ஒரு பஸ், எண் தெரியவில்லை,
இன்டிகேட்டர் போட்டது.
ரஃபீக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.
நின்றதா என்று நான் கேட்கவில்லை.